பால் பல், கோரைப் பல், கடைவாய்ப் பல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கிறது என்று எங்கள் அண்ணி சொல்வார். அவர் சொன்னால் வீட்டோடு நிற்காது, தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற வேலை. பத்தொன்பது வருடமாக மைக் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, குளிக்கப் போவதைக்கூட "இன்னும் சற்று நேரத்தில்" என்றுதான் அறிவிப்பார். அவருடைய பல் போன கதையையும் என் மானம் போன கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தனித்தனியாகச் சொல்ல எனக்கு வராது.

நான் வேலை பார்ப்பது பல் செய்யும் இடத்தில். பிடுங்கும் இடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருவராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்கிறார். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் வடிவம் வரைந்து, மெஷினில் கடைந்து, பல்லாகத் திருப்பி அனுப்புவோம். நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். அதில் பல்லையே தொடாத ஒரே ஆள் நான். கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. ஊரில் பாதிப் பேருடைய வாய் என் சர்வரில் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு மேற்பட்ட வாய்களை சர்வரிலிருந்து எடுத்து டேப்பில் ஏற்றிவிடுவோம். டேப் என்றால் பழைய பாட்டு கேசட் மாதிரிதான், பாட்டுக்குப் பதிலாகப் பல். அன்றன்றைய வேலையும் சாயங்காலம் டேப்பில் ஏறும். அதை நான் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். ஆபீஸே எரிந்து போனாலும் டேப் வீட்டில் பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா, அதற்காக. மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவந்து கீழே வரவேற்பு ஜன்னலில் ஒப்படைப்பேன். வெளியிலிருந்து வருகிற எதுவும் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்பது எங்கள் சட்டம். அங்கே டோக்கன் போட்டு, பத்தரை மணிக்குள் மாடியில் என் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவும் துடைத்துப் பளபளவென்று வரும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் இந்த டேப்புகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தன. டாட் என்று பெயர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. புதிதாகப் பிரித்துப் போட்டால் ஓடும், இரண்டே நாளில் மக்கர் பண்ணும். டிரைவுக்கு வயது எட்டு. இனி இதைக் கட்டிக்கொண்டு அழ முடியாது, வேறு வகைக்கு மாறுவோம் என்று முதலாளியிடம் போய் நின்றேன்.

முதலாளிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அட்டவணை. எதை வாங்குவதானாலும் கோடு கிழித்து, கட்டம் கட்டி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடாமல் வாங்க மாட்டார். வாசலில் கால் துடைக்கும் மிதியடிக்கே ஏழு கட்டம் போட்ட மனிதர்.

"வாங்கிடலாம்மா. ஆனா ஒப்பிட்டுப் பாத்து வாங்கணும்," என்றார். "மொத்தம் எத்தனை வகை?"

"நம்மள மாதிரி நடுத்தரக் கம்பெனிக்கு ஒத்துவர்றது மூணு சார்."

"மூணையும் ஓட்டிப் பாரு. ஒரு மாசம். மார்க்கோட வா."

டேப் விற்கிறவர் ஒருவர் இரண்டு டிரைவ்களை இரவல் கொடுத்தார். எங்களிடம் இருந்த டாட் ஒன்று, எட்டு மில்லிமீட்டர் டேப் ஒன்று, எல்.டி.ஓ. என்கிற பெரியது ஒன்று. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தபோது எங்கள் தலைமைப் பல் கலைஞர் எட்டிப் பார்த்தார். அவர் பெயர் மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தே எதற்கும் அளவு சொல்லிவிடுவார்.

"என்னம்மா, பால் பல், கோரைப் பல், கடைவாய்ப் பல்லா?" என்றார். அன்றிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. அட்டவணையின் அட்டவணையிலும் அப்படியே ஏறியது.

உண்மையில் பெயர்ப் பொருத்தம் பிரமாதம். பால் பல் உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் எங்கள் ஒரு நாள் ஸ்கேனுக்கே இரண்டு வேண்டும், பாதியில் டேப் மாற்ற ஆள் நிற்க வேண்டும். கோரைப் பல் அதைவிட வேகம், கூர்மை. ஆனால் அதைச் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாளைக்கு டிரைவ் கெட்டால் வேறு டிரைவுக்கு எங்கே போவது? கடைவாய்ப் பல் சதுரமாக, கனமாக இருக்கும். உள்ளே ஒரே ஒரு சக்கரம், இன்னொன்று டிரைவுக்குள். ஒன்றிலேயே ஒரு மாத வேலை அடங்கும். எங்களுக்கு இரவல் வந்த டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளையும் படிக்கும். ஒரே குறை, அது பகாசுரன். சர்வர் வேகமாக ஊட்டாவிட்டால் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடி, முனகிக்கொண்டே இருக்கும். எங்கள் சர்வரோ கிள்ளிக் கிள்ளித்தான் ஊட்டும்.

மூன்றுக்கும் ஒரே பரீட்சை வைத்தேன். சாயங்காலம் எழுது, வீட்டுக்குக் கொண்டுபோ, காலையில் கொண்டுவா, படித்துப் பார். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தும் படிக்க முடிந்தால்தான் அது பேக்கப். இல்லாவிட்டால் வெறும் பிளாஸ்டிக்.

மூன்றும் ஃபெயில். பால் பல் இரண்டாம் நாள். கோரை மூன்றாம் நாள். கடைவாய்ப் பல்லாவது தாங்கும் என்று பார்த்தால், அதுவும் நாலாம் நாள் கையை விரித்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! விற்பனைக்காரரைப் போனில் பிடித்து ஒரு பிடி பிடித்தேன்.

"என்ன சார் கொடுத்திருக்கீங்க? மூணும் நாலு நாள் தாங்கல. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசறேன், இல்லன்னா வேற மாதிரி பேசிடுவேன்."

"மேடம், இதே டிரைவ் இன்னும் பத்து இடத்துல ஜம்முன்னு ஓடுது," என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். "உங்க வீட்ல பெரிய காந்தம் ஏதாவது இருக்கா?"

காந்தம்! அண்ணியின் அறையில், ரயில் நிலையத்தில் கழித்துப் போட்ட ஒரு பழைய ஒலிபெருக்கி இருந்தது. முதல் நாள் அவர் குரல் அதில்தான் ஒலித்தது என்று கேட்டு வாங்கி வந்து வைத்திருந்தார். ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். என் அலமாரி சுவருக்கு இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். அன்று சாயங்காலமே யுத்தம் நடந்தது.

"உங்க ஒலிபெருக்கிதான் அண்ணி என் டேப்பைத் தின்னுது."

"அது பதினாலு வருஷமா அங்கேயேதான் இருக்கு. இப்பதான் பசி வந்துச்சா அதுக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் கோபத்தில் இருந்தேன். கோபத்தில் இருக்கும்போது நியாயம் என் காதில் ஏறாது. ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டுபோய் மொட்டை மாடியில் வைத்தேன். அண்ணி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. வீட்டில் அறிவிப்புகள் நின்றுபோயின. டேப்புகள் மட்டும் தொடர்ந்து ஃபெயில் ஆயின.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, அண்ணிக்குத் தும்மல் வந்தது.

அவருக்கு மேல் வரிசையில் நாலு முன்பற்கள் செயற்கை. அண்ணத்தோடு ஒட்டி நிற்கும் தகடும், தகட்டில் நாலு பல்லும், கழற்றி மாட்டுகிற வகை. ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் இடத்தில்தான் செய்தது. அன்று பிளாட்பார ஓரத்தில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர் ஒரு தும்மல் போட்டார், பல் தண்டவாளத்தில் போய் விழுந்தது. அதே நொடியில் சரக்கு வண்டி வந்தது. அது வருகிறது என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அறிவித்தவரும் அவரேதான்.

மில்லிமீட்டர் புது அச்சு எடுக்கச் சொல்லி ஒரே நாளில் புதுப் பல் செய்து கொடுத்தார். அழகென்றால் அழகு, முத்து கோத்த மாதிரி. அண்ணி மாட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை மதியம் மைக் முன்னால் உட்கார்ந்து, "இன்னும் சற்று நேரத்தில்" என்றார். "சற்று" வந்த இடத்தில் விசில் அடித்தது. சும்மா இல்லை, கார்டு அடிக்கிற விசில் மாதிரியே கணீரென்று. வண்டி கிளம்பிவிட்டது என்று பிளாட்பாரத்தில் இருந்த ஜனமெல்லாம் ஓடியது. தண்ணீர் பிடிக்கப் போனவர் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் வண்டி எதுவென்று பார்க்காமலே ஏறிவிட்டாள். அண்ணி பதறி, "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றார். இன்னொரு விசில். மிச்சமிருந்தவர்களும் ஓடினார்கள்.

நிலைய அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனாலும் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை காலை மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார், அதற்குள் விசில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அண்ணியைப் பார்சல் கவுன்டருக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அண்ணி என்னிடம் பேசினார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்.

"பார்சல் கவுன்டர்ல பேசறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. முத்திரை குத்தணும், அவ்வளவுதான். எனக்கு வேற என்ன தெரியும் சொல்லு? நான் பேசத்தானே கத்துக்கிட்டேன்."

அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை, ஊர் சுற்றும் ஆசையும் இல்லை. அவருக்கு இருப்பது அந்த மைக் ஒன்றுதான். நான் உடனே மில்லிமீட்டருக்குப் போன் போட்டேன்.

"பழைய பல்லோட வடிவம் இருந்தா அப்படியே கடைஞ்சிடுவேன்மா," என்றார் அவர். "இப்ப செஞ்சது ரொம்ப நேர்த்தியாப் போச்சு. பழசுல எங்கயோ ஒரு கோணல் இருந்திருக்கு. அந்தக் கோணல்லதான் அவங்க பேசப் பழகியிருக்காங்க. அது எங்க இருந்துச்சுன்னு என்னால யூகிக்க முடியாது. ஃபைல் வேணும்."

ஆறு வருடத்துக்கு முந்தைய ஃபைல். சர்வரில் கிடையாது, டேப்பில்தான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஆபீஸ் அலமாரியிலும் ஒன்றை வீட்டு அலமாரியிலும் வைப்பது என் வழக்கம். ஆபீஸ் பிரதி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்தப் பாழாய்ப்போன ஒப்பீட்டுப் பரீட்சைக்குப் புது டேப் தீர்ந்துபோனபோது, "இந்தப் பழசு யாருக்கு வேணும்" என்று அதன் மேலேயே எழுதிவிட்டேன். ஊருக்கெல்லாம் பேக்கப் உபதேசம் செய்கிறவள் செய்த காரியம் இது.

மிச்சம் இருந்தது வீட்டுப் பிரதி. ஒரே ஒரு பால் பல். என் அலமாரியில் மடித்த துணிகளுக்கு நடுவே, மூன்று வருடமாக அசையாமல் இருந்தது.

சனிக்கிழமை காலை அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல ஜன்னலில் தட்டில் வைத்தேன், டோக்கன் வாங்கினேன், "இது கொஞ்சம் அவசரம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். என் காலில் செருப்பு இருந்தது, கையில் டோக்கன் இருந்தது, தலையில் மூளை மட்டும் இல்லை. ஏன் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

மாடியில் மில்லிமீட்டர் அண்ணியின் புதுப் பல்லை மறுபடி பார்ப்பதற்காக வரவழைத்து வைத்திருந்தார். வெளியே போய் வந்த பல் என்பதால் அதுவும் ஜன்னல் வழியாக, ஒட்டிய பிளாஸ்டிக் பையில் வந்திருந்தது. அவர் பையைக் கிழித்தார். குப்பென்று புதினா வாசனை.

"என்ன வாசனை இது?"

"மருந்துத் தண்ணி. ஜன்னல்ல அடிப்பாங்களே. கிருமிக்கு."

எனக்கு அந்த வாசனை தெரியும். நன்றாகத் தெரியும். ஐந்து மாதமாக என் சர்வர் அறையில் அடிக்கிற வாசனை. டிரைவின் வாயைத் திறந்தால் வருகிற வாசனை. ஏதோ ஏ.சி.யின் புண்ணியம் என்று நினைத்து, "நம்ம ரூம்ல எவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்கு பாருங்க" என்று நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். இரவல் வந்த கடைவாய்ப் பல்லை எடுத்து மூக்கருகில் வைத்தேன். புதினா. கோரையை எடுத்தேன். புதினா.

மாடிப் படிகள் இருபத்திரண்டு. நான் எத்தனை படியில் கால் வைத்தேன் என்று தெரியாது.

ஜன்னலில் இருப்பவர் பெயர் சுத்தக்கா. அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கையுறை மாற்றாமல் பேனாவைக்கூடத் தொட மாட்டார். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். அவருக்கு முன்னால் என் பால் பல், ஒட்டிய பைக்குள், மேலெல்லாம் முத்து முத்தாக நனைந்து படுத்திருந்தது. பக்கத்தில் டைமர் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா! அதைக் கொடுங்க!"

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு."

"ஐயோ அக்கா, அது டேப்! பல் இல்ல!"

"எதுவா இருந்தா என்ன? வெளிய போய் வந்ததுதானே. மருந்து அடிச்சு, பையில போட்டு, பத்து நிமிஷம். டெய்லி உங்க டேப்பை நான்தானே பண்ணி அனுப்பறேன். அந்த மூடியைத் தூக்கி உள்ளயும் ஒரு அடி அடிப்பேன், சந்துல கிருமி நிக்கக் கூடாதுல்ல." குரலில் பெருமை வேறு.

"யாரு உங்களை டேப்புக்கு அடிக்கச் சொன்னது?" என்று கத்தினேன். வரவேற்பில் உட்கார்ந்திருந்த கூரியர்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

சுத்தக்கா கையுறை போட்ட விரலால் தலைக்கு மேலே காட்டினார். அங்கே ஒரு பலகை. "வெளியிலிருந்து வரும் எந்தப் பொருளும், அது யாருடையதாக இருந்தாலும், மருந்து படாமல் உள்ளே போகக் கூடாது. விதிவிலக்கு கிடையாது." பெரிய எழுத்து, சிவப்பு மை, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை. அந்த வாசகத்தை எழுதியது நான். அச்சடித்தது நான். "விதிவிலக்கு கிடையாது" என்ற வரி முதலாளி சொன்னது இல்லை, நானாகச் சேர்த்தது. முன்பு அங்கே இருந்தவர் அந்தப் பலகையை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சுத்தக்கா வந்த முதல் நாளே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஐந்து மாதமாக நான் திட்டாத ஆள் இல்லை. டிரைவைத் திட்டினேன், விற்பனைக்காரரைத் திட்டினேன், அண்ணியின் ஒலிபெருக்கியை மொட்டை மாடிக்கு நாடு கடத்தினேன். திட்ட வேண்டியவள் கண்ணாடியில் இருந்தாள்.

"அக்கா," என்றேன், இந்த முறை மெதுவாக. "எங்க அண்ணி பல்லு இதுக்குள்ள இருக்கு. ஒரே பிரதி. திங்கக்கிழமைக்குள்ள வேணும். உள்ள வரைக்கும் நனைஞ்சா போச்சு."

சுத்தக்காவின் முகம் மாறியது. டைமரைப் பார்த்தார். ஆறு நிமிடம் நாற்பது வினாடி. அவருடைய வாழ்க்கையில் முதல் முறையாக ஓடுகிற டைமரை அணைத்தார்.

"ரயில்ல பேசுவாங்களே, அவங்களா?" என்றார். "அவங்க சொல்லித்தான் நான் தினமும் வண்டி ஏறறேன்."

மில்லிமீட்டர் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கூட்டைப் பிரிச்சு, உள்ள இருக்கிற சுருளை மட்டும் காய்ஞ்ச கூட்டுக்கு மாத்தணும். பண்ணலாம். ஆனா ஒரு தூசி படக் கூடாது. என் மேசை முழுக்கப் பல் பொடி. உங்க ரூம்ல?"

"என் ரூம்ல கம்பளி நூல்ல இருந்து பிஸ்கட் தூள் வரைக்கும் எல்லாம் இருக்கு," என்றேன். உண்மையைச் சொல்ல இனி என்ன வெட்கம்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுத்தக்காவின் மேசையைப் பார்த்தோம். அந்தக் கட்டடத்தில் அதைவிடச் சுத்தமான இடம் கிடையாது. அவர் மேசையை இன்னொரு முறை துடைத்தார், காயவிட்டார், எங்கள் இரண்டு பேருக்கும் கையுறை மாட்டினார், என் தலைமுடிக்குத் தொப்பி போட்டார். கூரியர்காரரை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஐந்து திருகாணி, ஒவ்வொன்றும் கடுகளவு. மில்லிமீட்டர் கண்ணில் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பல்லின் ஓரம் செதுக்குகிற கருவிகளால் கூட்டைத் திறந்தார். உள்ளே இரண்டு சின்னச் சக்கரங்கள். மூடிக்குப் பின்னால் நீட்டி நின்ற துண்டு மட்டும் நனைந்திருந்தது.

"இது போச்சா?" என்றார்.

எனக்கு மூச்சு திரும்பியது. "இல்ல! அது வால். டேப் முழுசாச் சுத்தி இருக்கும்போது வெளிய தெரியறது வெறும் வால்தான். அதுல எதுவும் எழுதியிருக்காது. ஈரத்தோட டிரைவ்ல போட்டு ஓட்டினாத்தான் உள்ள இருக்கறதும் ஈரமாகும்." ஐந்து மாதமாக நான் தினமும் செய்து வந்தது அதைத்தான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லா உண்மையையும் ஒரே நாளில் சொல்ல முடியாது.

சுத்தக்கா நூல் பிரியாத துணியால் வாலை ஒற்றி ஒற்றி எடுத்தார். பல்லைக் காயவைக்கிற சின்ன ஊதுகுழலால் மில்லிமீட்டர் தூரத்திலிருந்து ஊதினார். பிரிக்காத புது டேப் ஒன்றின் கூட்டில் சுருளை மாற்றி வைத்து, திருகாணிகளை முடுக்கினார். மூன்று பேரும் மாடிக்கு ஏறினோம். டிரைவின் தலையையும் நான் சுத்தம் செய்யும் டேப் போட்டு இரண்டு முறை துடைத்தேன். பிறகு பால் பல்லை உள்ளே தள்ளினேன்.

டிரைவ் முனகியது. விளக்கு மினுக்கியது. மூன்று பேரும் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். சுத்தக்கா கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்து, மூன்று இடத்தில் தடுக்கி, நாலாம் முறை எழுந்து, ஃபைல் திரையில் வந்து நின்றது.

மில்லிமீட்டர் பழைய வடிவத்தைப் புதிதின் மேல் பொருத்திப் பார்த்தார். "அட! ரெண்டாவது பல்லு அரை மில்லி உள்ள தள்ளி இருக்கு. தகடும் பின்னால கொஞ்சம் தடிப்பு. அப்ப நான் இவ்வளவு மோசமா வேலை செஞ்சிருக்கேனா?"

"அந்த மோசமே வேணும்," என்றேன். "அப்படியே கடைங்க. திருத்தினீங்கன்னா நடக்கறதே வேற."

மெஷினில் ஏற்றிவிட்டு, நான் செய்த முதல் வேலை அந்த ஃபைலை மூன்று இடத்தில் பிரதி எடுத்தது. இரண்டாவது வேலை, விற்பனைக்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டது. அவர், "மேடம், இதை நான் மத்த கஸ்டமர்கிட்ட சொல்லலாமா?" என்றார். கூடாது என்றேன். கட்டாயம் சொல்லியிருப்பார்.

முதலாளி மட்டும் அட்டவணையை விடவில்லை. சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டார்.

"அப்ப மூணுக்கும் போட்ட முட்டை செல்லாதா?"

"செல்லாது சார். கடைவாய்ப் பல்லே வாங்கிடலாம். ஒரு மாசத்துக்கு ஒண்ணு போதும், ஆள் நின்னு மாத்த வேண்டாம், பழைய தலைமுறை டேப்பையும் படிக்கும். நம்ம சர்வர் மெதுவா ஊட்டறதுக்கு, முதல்ல ஒரு டிஸ்க்ல எழுதிட்டு அங்கிருந்து வேகமா ஊட்டிக்கலாம். பால் பல் டிரைவ் மட்டும் இருக்கட்டும், பழசைப் படிக்க." பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "ஆனா உங்க அட்டவணையில ஒரு கட்டம் விட்டுப்போச்சு. வழியில யார் யார் கைக்குப் போகுதுங்கற கட்டம். அதைப் போட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

அவர் உடனே ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டார். மூன்றுக்கும் நேராக என்ன எழுதுவது என்று கேட்டார். சுத்தக்கா என்று எழுதச் சொன்னேன். டேப் அலமாரியின் சாவியையும் அவரிடமே கொடுக்கச் சொன்னேன். சட்டத்தை இவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடிக்கிற ஆளிடம் சரியான சட்டத்தைக் கொடுத்துவிட்டால் போதும். என்னைவிட அவரே பத்திரமாக வைத்துக்கொள்வார். புதுப் பலகையின் வாசகத்தை மட்டும் அவரே எழுதினார். என்னை எழுத விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போய் ஒலிபெருக்கியை இறக்கிக் கொண்டுவந்தேன். பறவை எச்சத்தைத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தேன். அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பல் இன்னும் வரவில்லை, அதனால் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. தப்பு என்னுது."

கையை எடுக்காமலே தலையை ஆட்டினார். பிறகு கைக்குள்ளிருந்து கேட்டார். "மூணு வருஷமா என் பல்லை உன் துணிக்கு நடுவுலயா வச்சிருந்தே?"

"ஆமா அண்ணி."

"நல்ல துணிதானே?"

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். பல் ஏழு மணிக்குத்தான் கைக்கு வந்தது. அண்ணி மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தைகூடப் பேசிப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். பேசிப் பார்க்கப் பயம். எனக்கும் பயம். இரண்டாவது பிளாட்பாரத்தில் நின்றேன். கொஞ்ச தூரத்தில் சுத்தக்கா, கையுறை இல்லாமல், வேலைக்குப் போகும் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தார். வண்டி வந்து நின்றும் ஏறவில்லை. நானும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பாவனை செய்துகொண்டோம்.

பிளாட்பாரம் நிறைய ஜனம். ஒருவர் குனிந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி உள்ளேதான் இருப்பார்.

"இன்னும் சற்று நேரத்தில்," என்றது அண்ணியின் குரல்.

ஷூ நாடா கட்டியவர் அடுத்த ஷூவுக்குப் போனார். குழந்தை தும்மியது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் பாட்டில் நிறையும் வரை நின்று, நிதானமாக மூடியைத் திருகினார். அந்தப் பிளாட்பாரத்தில் ஒருத்தரும் ஓடவில்லை.

நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். சுத்தக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், பையிலிருந்து துணி ஒன்றை எடுத்து நீட்டினார். அதிலும் புதினா வாசனை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் அறிவிப்பு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் அண்ணி எழுந்து நின்றிருந்தார். வாயைப் பொத்தியிருந்த கை இப்போது இடுப்பில் இருந்தது. எங்களைப் பார்த்து நாலு பல்லையும் காட்டினார். நாங்களும் காட்டினோம்.